கேட்காமல் வந்த நன்கொடை

ஏணியக்காவுக்கு அந்தப் பெயர் வாய்த்தது அவள் தோளில் எப்போதும் தொங்கிய அலுமினிய ஏணியால். திரைச்சீலை தைப்பது அவள் தொழில். வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவெடுக்க வேண்டும். உயரத்துக்கு நாற்காலி எட்டாது. போகிற வீட்டு ஏணியை நம்பி ஏறினால் இடுப்புக்கு உத்தரவாதம் கிடையாது. அதனால் தன்னுடையதைத் தானே சுமந்தாள். கழுத்தில் அளவு நாடா, காதில் பென்சில், தோளில் ஏணி என்று அவள் திரும்பினால், பின்னால் வருகிறவர்கள் சட்டென்று தலையைக் குனிந்துகொள்வார்கள்.

ஏணிமேல் நின்றால், கீழே நிற்பவர்களுக்குத் தெரியாத ஒன்று தெரியும்: அலமாரிகளின் தலை. ஒரு வீட்டில் சுவரில் துளை போடும் மெஷின், வாங்கிய பெட்டியோடு. இன்னொரு வீட்டில் மடித்து வைத்த சக்கர நாற்காலி. உட்கார்ந்திருந்த பெரியவர் போய் வருஷங்களாகியிருக்கும். குழந்தை நடைவண்டி, கூடாரம், பெரிய பாத்திரங்கள், தையல் மெஷின். வருஷத்தில் ஒரு நாள் கண்விழித்துவிட்டு மறுபடி தூங்கப் போகும் சாமான்கள். கீழே வந்தால் அதே தெருவில் வேறொரு வீட்டுக்காரி, "காலொடிஞ்ச மனுஷனை பாத்ரூமுக்கு எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னே தெரியல அக்கா" என்று அழுவாள்.

இப்படித்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. புத்தகத்தை இரவல் தருகிற மாதிரி சாமான்களை இரவல் தர ஒரு நூலகம். எடுத்துக்கொண்டு போ, வேலையை முடி, துடைத்துத் திருப்பிக் கொடு. அந்த யோசனை வராமலே இருந்திருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறாள்.

கணவர் இறந்த பிறகு அவள் தம்பி வீட்டில்தான் இருந்தாள். தம்பி எலெக்ட்ரீஷியன். பழுதான எதையும் பிரித்துப் போட்டுச் சரியாக்கி விடுவான். பிரித்ததில் இரண்டு ஸ்க்ரூ மட்டும் எப்போதும் மிச்சமிருக்கும். அவன் மனைவி வாய்த்துடுக்கு, ஆனால் மனசு தங்கம். "அண்ணி, வீட்டுல இருக்கறதையே யாராவது இரவல் வாங்கிட்டுப் போனா தேவலாம். முதல்ல உங்க தம்பியைக் கொடுத்துப் பாருங்க, திரும்பி வராம இருந்தா சந்தோஷம்" என்பாள்.

நன்கொடை கேட்டுப் போன கதையைச் சொன்னால் பொழுது போதாது. பெயிண்ட் கடைக்காரர் உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, ஊர் நியாயமெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "சாமானை எல்லாரும் இரவல் வாங்கிட்டா எங்கிட்ட யார்மா வாங்குவா? என் கையாலேயே என் கடைக்குப் பூட்டுப் போடச் சொல்றியே" என்றார். வங்கி மேலாளர் தலைமை அலுவலகத்தைக் கை காட்டினார். தலைமை அலுவலகம் வங்கி மேலாளரைக் கை காட்டியது. தனியார் மருத்துவமனையில், சக்கர நாற்காலி கொடுத்தால் அதன் முதுகில் டாக்டர் படம் இருக்குமா என்று விசாரித்தார்கள்.

சாமானுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நன்கொடை என்றதும் ஜனங்கள் இவளையும் குப்பைத்தொட்டியையும் ஒரே கண்ணால் பார்த்தார்கள். மூன்று கால் நாற்காலி வந்தது. மூடி இல்லாத மிக்ஸி வந்தது. ஒரு மாமி ராஜா இல்லாத சதுரங்கப் பலகையைக் கொடுத்து, "எங்க வீட்டுக்காரர் தோத்த கோபத்துல தூக்கிப் போட்டுட்டார், ஒரு பட்டனை வச்சு விளையாடிக்கலாம்" என்றாள். எல்லாம் தம்பி வீட்டு வராந்தாவில் குவிந்தது. தம்பி மனைவி அதன் நடுவே வழி கண்டுபிடித்து நடந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவர் வந்தார். வெளுத்த முழுக்கைச் சட்டை, அடக்கமான பேச்சு, வீட்டுக்குள் நுழையும்போது செருப்பை வரிசையாகக் கழற்றிவைக்கும் பழக்கம். இவள் அவரைக் கேட்டுப் போகவே இல்லை. அவராகத் தேடி வந்தார்.

"நீங்கதானே அக்கா, இரவல் நூலகம் வைக்கணும்னு அலைஞ்சிட்டிருக்கறது?"

"ஆமாங்க."

"இனி அலைய வேண்டாம்."

பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிற தொழில் என்றார். காலி செய்து போகிறவர்கள் நல்ல சாமான்களை வேண்டாமென்று விட்டுப் போகிறார்கள், குப்பையில் போட மனசு வரவில்லை என்றார். தெருமுனையில் மூடிக் கிடக்கிற சைக்கிள் கடையைத் தான் வாங்கியிருப்பதாகவும், அந்த இடத்தை வாடகையில்லாமல் தருவதாகவும், அலமாரிகள் அடித்துத் தருவதாகவும் சொன்னார்.

"பதிலுக்கு நாங்க என்ன செய்யணும்?" என்று தம்பி கேட்டான்.

"ஒண்ணும் வேண்டாம். வாசல்ல பலகை ஒண்ணு மாட்டுங்க. 'இங்குள்ள பொருட்கள் மனமுவந்து கொடுக்கப்பட்டவை'ன்னு. கொடுத்தவங்களுக்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான்."

கேட்டுக் கேட்டுச் செருப்புத் தேய்ந்தவளுக்கு, கேட்காமல் ஒருவர் வந்து கொடுத்தால் எப்படி இருக்கும்? அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்து, "தெய்வம் நேர்ல வராது, இந்த மாதிரி ஒருத்தரைத்தான் அனுப்பும்" என்று சொன்னாள். கூட்டம் கை தட்டியது. தெரு அன்றிலிருந்து அவரை வள்ளல் என்று கூப்பிட ஆரம்பித்தது.

சாமான்கள் ஒரு வெள்ளை வேனில் வந்தன. ஓட்டுநர் பேசமாட்டார். டீ கொடுத்தால் குடிக்கமாட்டார். இறக்கி வைத்துவிட்டு, எஞ்சினை அணைக்காமலே போய்விடுவார். முதலில் வந்தவை நாற்காலி, மேஜை, மின்விசிறி. சைக்கிள் கடை நிறைந்தது. ஜனங்கள் வரிசையில் நின்று எடுத்துப் போனார்கள். தெருவில் பாதி வீடுகளில் வள்ளல் கொடுத்தது ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நீண்ட நாளைக்குத் தேவைப்பட்டவர்களுக்கு நீண்ட நாளைக்கே கொடுத்தாள்.

ஒரு நாள் காலை குளிர்சாதனப் பெட்டி ஒன்று வந்தது. தம்பி வயரைச் சரிபார்க்கக் கதவைத் திறந்தான்.

"அக்கா, இங்க வா. கையை வச்சுப் பாரு."

உள்ளே இன்னும் ஜில்லென்று இருந்தது. கதவுத் தட்டில் பாதி நறுக்கிய எலுமிச்சம்பழம்; வெட்டிய முகம் காயவில்லை.

"விட்டுட்டுப் போறவங்க ஃப்ரிட்ஜை ஓட விட்டுட்டா போவாங்க?" என்றான்.

"அவசரமா வேலை மாத்திப் போயிருப்பாங்க. நீ எல்லாத்துலயும் குத்தம் பாரு" என்று சொல்லிவிட்டு, அவள் எலுமிச்சம்பழத்தை எடுத்து வெளியே எறிந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு மேஜை இழுப்பறையில் மூக்குக்கண்ணாடி கிடந்தது. மருந்துப் பட்டையில் சாப்பிட வேண்டிய மாத்திரைகள் மிச்சமிருந்தன. ஓடிக்கொண்டே வந்து இறங்கியது ஒரு சுவர்க் கடிகாரம். கண்ணாடி இல்லாமல் யார் வீட்டைக் காலி செய்வார்கள்? கேள்வி நாக்கு நுனிவரை வரும். அந்த நேரம் பார்த்துக் காலொடிந்தவன் பெண்டாட்டி வந்து, "சக்கர நாற்காலி கிடைச்சப்புறம் அவர் வாசல் வரைக்கும் வர்றார் அக்கா" என்று கையைப் பிடித்துக்கொள்வாள். கேள்வி தொண்டைக்குள் திரும்பிப் போய்விடும்.

கடைசியாக வந்த தையல் மெஷினைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. மூடியைத் தூக்கினாள். ஊசி கீழே இறங்கி நின்றது. அழுத்திப் பிடிக்கும் இரும்புப் பாதத்தின் அடியில் மஞ்சள் துணி, ஒரு சின்னப் பெண்ணின் கவுன். ஒரு பக்கத் தையல் முடிந்து, மறுபக்கம் பாதியில். நூல் அறுபடவில்லை. திரும்பி வரப்போவதில்லை என்றால், தைக்கிறவள் எந்த அவசரத்திலும் நூலை அறுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அது கைப்பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. ஏணியக்கா அந்த மெஷின் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அதை யாருக்கும் இரவல் தரவில்லை. சுவரோரமாகத் தள்ளி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

சில நாள் கழித்து ஒருத்தி வந்தாள். முப்பது வயதிருக்கும். ஒரே சேலையைத் துவைத்துத் துவைத்து உடுத்துகிறவள் என்று பார்த்தாலே தெரிந்தது. கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண்.

"ஒரு அடுப்பு கிடைக்குமாக்கா? சொந்தக்காரங்க வீட்டுல இருக்கோம். அவங்க சமையலறையில நாங்க எத்தனை நாளைக்குப் புழங்கறது?"

"உங்க சாமானெல்லாம் என்ன ஆச்சும்மா?"

"நாங்க இருந்த கட்டடத்தைப் புதுசா ஒருத்தர் வாங்கினார். குழாய் மாத்தணும், ஒரு வாரத்துக்கு வேற இடத்துல இருங்கன்னாங்க. சாவியைக் கொடுத்தோம், சாயந்திரம் கிளம்பறதா இருந்தோம். அதுக்குள்ள, அரை மணியில திரும்பி வந்துடுவேன், தைச்சிட்டிருக்கறதை முடிக்கணும்னுதான் சொல்லிட்டு, இவளைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வரப் போனேன். வந்தா கீழ் கேட்டுல புதுப் பூட்டு."

சின்னப் பெண் அதற்குள் சுவரோரம் போயிருந்தாள். துணி சரிந்து மஞ்சள் தெரிந்தது.

"அம்மா, என் கவுன்."

அந்தத் தாய் கத்தவில்லை. மெஷின் அருகே போய் நின்று, சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பி, ஊசியைத் துணியிலிருந்து மேலே எடுத்தாள். பிறகு திரும்பி, சைக்கிள் கடை முழுவதையும் பார்த்தாள். நாற்காலி, மேஜை, கடிகாரம் என்று ஒவ்வொன்றாக. "அது மேல் மாடித் தாத்தாவோடது" என்றாள். "அது எதிர் வீட்டுக்காரங்களோடது." கடைசியில் வாசல் பலகையைப் பார்த்தாள். வாய்க்குள் படித்தாள்.

"போலீஸ்ல போய்ச் சொன்னோம்கா. எல்லாம் நன்கொடையா கொடுத்துட்டுப் போயிட்டாங்க, இப்ப வந்து மாத்திப் பேசறாங்கன்னு கட்டடத்தை வாங்கினவர் சொன்னாராம். எங்களைப் பார்த்து அந்தப் போலீஸ்காரர், 'நூலகத்துல பலகையே மாட்டி வச்சிருக்காங்களே'ன்னார். எந்த நூலகம்னு எங்களுக்குப் புரியல." பலகையைக் கை காட்டி, "இதுதானா?" என்றாள்.

ஏணியக்கா அவர்கள் இருந்த கட்டடம் எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் கால்வாய்க்கு அந்தப் பக்கம் போய் அந்தக் கட்டடத்தைப் பார்த்தாள். நாலு மாடி. கதவுகளையும் ஜன்னல்களையும் பெயர்த்திருந்தார்கள். வெறும் ஓட்டைகள் வழியாகப் பின்பக்க வானம் தெரிந்தது. இரண்டாம் மாடியில் ஒரே ஒரு திரைச்சீலை, கம்பியோடு தொங்கிக்கொண்டு, வெளியே பறந்தது. நீலக் கோடு போட்ட துணி. அவள் தைத்தது. அதை மாட்டிய அன்று அந்த வீட்டம்மா சந்தோஷத்தில் ஜன்னலைத் திறந்து திறந்து மூடியது நினைவுக்கு வந்தது. அந்த அம்மா இப்போது எங்கே என்று கேட்க, அங்கே ஒரு ஈ காக்கைகூட இல்லை.

திரும்பி வந்தபோது வள்ளல் நூலகத்தில் உட்கார்ந்திருந்தார். செருப்பு வாசலில் வரிசையாக இருந்தது. தெருக்காரர்கள் இருவர் அவரைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவளைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார். எப்போதும் எழுந்து நிற்பார். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தார்.

"கால்வாய்ப் பக்கம் போயிருந்தீங்களாமே அக்கா. வெயில்ல எதுக்கு அலையறீங்க?"

"அந்த ஜனங்க எதையும் விட்டுட்டுப் போகலைங்க. நீங்க வெளியே தள்ளிட்டுப் பூட்டியிருக்கீங்க."

அவர் முகம் மாறவில்லை. "நீங்க ஊரெல்லாம் கேட்டீங்க, நான் கொடுத்தேன். மைக்கைப் பிடிச்சு என்னைத் தெய்வம்னு சொன்னது நீங்க. பலகையை மாட்டினதும் உங்க கைதான். யாரு என்ன கேட்டாலும் முதல்ல உங்ககிட்டதானே வருவாங்க?" என்றார். திட்டுகிற தொனியே இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது போலச் சொன்னார். எழுந்து செருப்பை மாட்டும்போது தெருவை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "இந்தத் தெருவுலயும் குழாயெல்லாம் பழசாயிடுச்சு அக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஜனங்க கேப்பாங்க. யோசிச்சு வையுங்க."

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "பேசாம இருந்துடலாம்கா. அவங்களை நம்மால எதிர்க்க முடியுமா?" என்றான். அவன் மனைவிதான் அவனைப் பார்த்து, "பேசாம இருந்தா மட்டும் நம்ம வீட்டுக் குழாய் புதுசாயிடுமா?" என்றாள். முதல் முறையாக அவள் சிரிக்காமல் பேசினாள்.

ஏணியக்கா அந்தத் தாய்க்குச் சொல்லி அனுப்பினாள். கட்டடத்து ஜனங்களில் கண்டுபிடிக்க முடிந்தவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். பிறகு தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி இரவல் சாமான்களைத் திருப்பிக் கேட்டாள். நன்கொடை கேட்டு அலைந்தது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கேட்டவுடன் கொடுத்தவர்கள் உண்டு. கதவைச் சாத்தியவர்களும் உண்டு. "கொடுத்துட்டுப் பிடுங்கறியே, உனக்கே நல்லா இருக்கா?" என்றார்கள். குளிர்சாதனப் பெட்டி வாங்கிப் போனவர்கள் அதைக் கொடுக்கவே இல்லை. அவர்கள் வீட்டு நோயாளிக்கு ஊசி மருந்தை அதில்தான் வைத்திருந்தார்கள். அவளாலும் வற்புறுத்த முடியவில்லை. காலொடிந்தவன் மட்டும் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்து, அதிலிருந்து இறங்கிப் படியில் உட்கார்ந்தான். "எடுத்துக்கோக்கா. எவரு உட்கார்ந்திருந்ததோ" என்றான்.

கட்டடத்து ஜனங்கள் காலையில் வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. தங்களுடையதை அடையாளம் சொல்லி எடுத்துக்கொண்டார்கள். வைக்க இடமில்லாதவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், அப்புறம் வர்றோம்" என்றார்கள். ஒரு கிழவர் கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். சக்கர நாற்காலிக்கு மட்டும் யாருமே உரிமை சொல்லவில்லை. மதியத்துக்குள் காலொடிந்தவன் அதிலேயே வீடு திரும்பினான். ஏணியக்கா பலகையைக் கழற்றி, தம்பியிடம் கொடுத்து உடைக்கச் சொன்னாள்.

மறுநாள் சைக்கிள் கடையில் புதுப் பூட்டு தொங்கியது.

அதற்கு அடுத்த வாரம் இரண்டு பேர் நாடாவோடு வந்து தெருவை அளந்தார்கள். வாழ்நாளெல்லாம் அளந்தவளுக்கு அவர்கள் எதை அளக்கிறார்கள் என்று பார்த்ததும் புரிந்தது. குழாயை அல்ல, தெருவின் அகலத்தை; வீடுகளை இடித்துவிட்டு எது கட்டலாம் என்று. உடனே வீடு வீடாகப் போனாள். "யார் வந்து கேட்டாலும் சாவியைக் கொடுக்காதீங்க. ஒரு நாள்கூட வீட்டைக் காலியா விட்டுட்டுப் போகாதீங்க." பாதிப் பேர் கேட்டுக்கொண்டார்கள். கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் தனியாக இருந்தார். அவர் அவளை உள்ளே விடவில்லை.

"அந்த மனுஷனை இந்தத் தெருவுக்குக் கூட்டிட்டு வந்தது யாரு? தெய்வம்னு சொன்னது யாரு? இப்ப பேய்ங்கறே. நாளைக்கு என்ன சொல்லுவே?"

அவர் சாவியைக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கதவே இல்லை. அவர் நேராக ஏணியக்கா வீட்டுக்குத்தான் வந்தார். வராந்தாவில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இப்போதும் அவர் அந்த வராந்தாவில்தான் படுக்கிறார். அவர் வீட்டுக் கட்டில் எந்த ஊரில், எந்த நூலகத்தில் கிடக்கிறதோ தெரியாது.

அதன் பிறகு தெருவில் குழாய்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒருநாள் இந்த வீட்டில், இரண்டு நாள் கழித்து அந்த வீட்டில். அவ்வளவு வருஷம் ஒழுங்காக வந்த தண்ணீர். மின்சாரம் போகும், வரும். தம்பி கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, "யாரோ அறுத்திருக்காங்க" என்று மட்டும் சொன்னான். மூன்று குடும்பங்கள் தாங்க முடியாமல் போய்விட்டன. மிச்சமிருப்பவர்கள் இருக்கிறார்கள். வக்கீல் ஒருவர் வழக்குப் போட்டிருக்கிறார். நடக்கிறது என்கிறார். எப்போது முடியும் என்று கேட்டால் மேஜையைப் பார்க்கிறார்.

இரவல் மட்டும் நிற்கவில்லை. கடையும் இல்லை, பலகையும் இல்லை. துளை போடும் மெஷின் எந்த வீட்டில் இருக்கிறது, தண்ணீர் இழுக்கும் மோட்டார் யாரிடம் என்று எல்லோருக்கும் தெரியும். கதவைத் தட்டி வாங்கிக்கொள்கிறார்கள். யாரிடமும் ஏணியக்கா நன்கொடை கேட்பதில்லை. போன மாதம் ஒரு வியாபாரி தானாக வந்து மின்விசிறிகள் தருவதாகச் சொன்னார். நல்ல மனிதராகக்கூட இருக்கலாம். அவர் பேசி முடிக்கும்வரை அவள் அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள்.

இப்போது அவள் அளவெடுக்க வெளியே போவதும் குறைந்துவிட்டது. வாசலுக்குப் பக்கத்தில் மெஷினைப் போட்டுத் தைக்கிறாள். நேற்று மத்தியானம் வெள்ளை வேன் தெருமுனைக்கு வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. எஞ்சின் ஓடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரி வாசலில் வந்து உட்கார்ந்தாள். அடுத்த வீட்டிலும் யாரோ நாற்காலியை வெளியே இழுக்கும் சத்தம் கேட்டது. தபால்காரர் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

உள்ளேயிருந்து தம்பி மனைவி கூப்பிட்டாள். "அண்ணி, தட்டு வச்சுட்டேன். வாங்க."

"நீ சாப்பிட்டு வந்து இங்க உட்காரு," என்றாள் ஏணியக்கா, வேனை விட்டுக் கண்ணெடுக்காமல். "நீ வந்ததும் நான் போறேன்."